நிகரகுவா சைகை மொழி

நடு அமெரிக்க நாடான நிகரகுவாவில், 1970களின் இறுதி முதல் காது கேளாத குழந்தைகள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட இயற்கை மொழி. மனித மொழி எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு நேரடிச் சான்று கிடைப்பது அரிது. எழுத்துக்கு வெகுகாலம் முந்தியது பேச்சு; அது மண்ணில் தடயம் எதையும் விட்டுச் செல்வதில்லை. மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிஸ் மொழியியல் கழகம் 1866-இல் தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. அப்படிப்பட்ட துறையில், ஒரு மொழி பிறந்த ஊரும் காலமும் தெரிவதும், அதைப் படைத்தவர்களையே நேரில் பார்த்து ஆராய முடிவதும் பெரும் பேறு.

1970களுக்கு முன் அந்நாட்டில் காது கேளாதோர் பெருமளவில் ஒன்றுகூட வழியில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டோடு இருந்தார்கள். பசி, உறக்கம், வேலை போன்றவற்றைக் குடும்பத்தாருக்கு மட்டும் புரியும் சைகைகளால் தெரிவித்தார்கள். இந்த வீட்டுச் சைகை வீட்டுக்கு வீடு வேறுபட்டது. 1977-இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 சாந்தினிஸ்தா புரட்சிக்குப் பின் சேர்க்கை பெருகியது. 1980-இல் வளரிளம் பருவத்தினருக்கான தொழிற்பள்ளியும் வந்தது. 1983-க்குள் இரண்டிலும் சேர்த்து 400-க்கு மேற்பட்ட மாணவர்கள். வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்கும்படி வற்புறுத்தினார்கள். அது பலருக்கும் எட்டவில்லை. விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் அவரவர் வீட்டுச் சைகைகள் கலந்து பொதுச் சைகைகள் பிறந்தன. ஆசிரியர்களுக்கு அவை விளங்கவில்லை.

1986-இல் கல்வி அமைச்சகத்தின் அழைப்பில் வந்த அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகல், மூத்த மாணவர்களைவிடச் சிறுவர்களின் சைகை சரளமாகவும் இலக்கண நுட்பத்தோடும் இருப்பதைக் கவனித்தார். அந்த நுட்பம் எத்தகையது என்பதை ஆன் சென்காஸ், சோதாரோ கீட்டா, அஸ்லி ஓஸ்யூரெக் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கார்ட்டூன் படத்தில் ஒரு பூனை சரிவான தெருவில் உருண்டு போகிறது. அதை ஸ்பானிய மொழியில் விவரிக்கும் காது கேட்பவர்களின் கை, சுழன்றுகொண்டே கீழே இறங்கும். நிகழ்ச்சி எப்படியோ அப்படியே கையும். முதல் தலைமுறை மாணவர்களும் பெரும்பாலும் அவ்வாறே காட்டினார்கள். அடுத்தடுத்துச் சேர்ந்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: ‘உருள்’ என்பதற்கு ஒரு சைகை, ‘இறங்கு’ என்பதற்கு இன்னொன்று, ஒன்றன்பின் ஒன்றாக. கண்ணால் கண்டதை நடித்துக் காட்ட இப்படிப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் பிரிந்த துண்டுகளை வேறு துண்டுகளோடு சேர்த்துப் புதிய வாக்கியங்கள் அமைக்கலாம். மனித மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தப் பண்பு, சிறுவர்களின் கையில் ஒரே தலைமுறை இடைவெளியில் உருப்பெற்றது. பார்த்துப் பழக முழுமையான முன்மாதிரி இல்லாமலேயே அவர்கள் இதைச் செய்தார்கள்.

மொழி வளர்ந்தபோது சிந்தனையும் மாறியது. ஒருவர் வைத்துச் சென்ற பொருளை, அவர் இல்லாதபோது இன்னொருவர் இடம் மாற்றிவிடுகிறார். திரும்பி வருபவர் எங்கே தேடுவார்? வைத்த இடத்தில்தான் என்பதைப் பொதுவாக ஐந்து வயதுக்குள் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். ஜெனி பையர்ஸும் சென்காஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தலைமுறையைச் சேர்ந்த வளர்ந்தவர்கள் பலர் இதில் தடுமாறினார்கள், இளையவர்கள் தேறினார்கள். மூத்தவர்களிடம் ‘நினை’, ‘அறி’ போன்ற மனச் செயல்களைக் குறிக்கும் சைகைகள் குறைவாக இருந்தன. இரண்டாண்டு கழித்து, இளையவர்களோடு பழகி அச்சைகைகளைக் கற்ற பின், அவர்களும் முன்னேறியிருந்தார்கள். அறிவுக்குறை என்று எளிதாக முத்திரை குத்தப்படக்கூடியது உண்மையில் மொழிக்குறை என்பதே இதன் பொருள்.

எல்லாம் சிறுவர்களின் ஆக்கமே என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வளர்ந்தவர்கள் சேர்ந்து அமைத்த காது கேளாதோர் சங்கமும், மற்ற நாட்டுச் சைகை மொழிகளோடு ஏற்பட்ட தொடர்பும் பெரும் பங்காற்றின என்று லாரா போலிச் 2005-இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். சமூகம் கூடாமல் மொழி நிலைபெறாது என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. நிகரகுவா அரசு 2009-இல் சட்டம் இயற்றி இம்மொழியை அங்கீகரித்தது.

இந்தக் காது கேளாதோர் சமூகத்தோடு சேர வாய்ப்பில்லாமல் வீட்டுச் சைகையோடு மட்டுமே வளர்ந்த 4 பெரியவர்களை எலிசபெத் ஸ்பேபன் குழுவினர் ஆராய்ந்தார்கள். வேலை செய்து சம்பாதித்துப் பணத்தைப் புழங்குபவர்கள் அவர்கள். ஆனாலும் மூன்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் காட்டியபோது, விரல் விட்டுச் சொன்ன எண்ணிக்கை பல முறை சற்றுக் கூடியோ குறைந்தோ போயிற்று. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எண்ணத் தெரிந்தவர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணும் சொற்கள் மட்டும் இந்த நால்வருக்கும் வந்து சேரவில்லை.