டல்ஹௌசி பிரபுவுக்கு இரண்டு மகள்கள்

பள்ளிக்கூடத்தில் டல்ஹௌசி என்றால் ஐந்து மார்க் கேள்வி. வாரிசு இழப்புக் கொள்கை, ரயில், தந்தி, அரையணா தபால். அப்புறம் ஒரு பட்டியல்: சதாரா 1848, ஜான்சி 1853, நாகபுரி 1854. தஞ்சாவூர்க்காரனான எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்தப் பட்டியலில் எங்க ஊர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கடைசியில் ஒரு 'முதலியன'வுக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் அரண்மனைக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோமே, அந்த வீடு ராஜா இல்லாத வீடாக ஆனது அந்த ஆளின் கொள்கையால்தான்.

டல்ஹௌசியின் கொள்கையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படிக்க ஆரம்பித்தது அவருடைய குடும்பத்தைப் பற்றி. காரணம் ஒரு சின்ன விஷயம். ஆண் வாரிசு இல்லை என்று ஊர் ஊராகக் கணக்கு முடித்தவருக்கும் ஆண் வாரிசு கிடையாது. இரண்டு பெண்கள்தான். 1855-ல் இறந்த தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சிவாஜிக்கும் இரண்டு பெண்கள். ஒரே மாதிரி இரண்டு வீடு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் என்ன செய்தது என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

ஜேம்ஸ் ஆண்ட்ரூ ப்ரௌன் ராம்சே 1812 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள டல்ஹௌசி கோட்டையில் பிறந்தவர். அப்பா ஒன்பதாவது ஏர்ல் ஆஃப் டல்ஹௌசி. கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு, பிறகு இந்தியாவில் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர். ஹாலிஃபாக்ஸில் இன்றைக்கும் இருக்கும் டல்ஹௌசி பல்கலைக்கழகம் அப்பா ஆரம்பித்த கல்லூரிதான், மகன் பெயரில் அல்ல. ஜேம்ஸ் மூன்றாவது பிள்ளை. முறைப்படி பட்டம் இவருக்கு வந்திருக்கவே கூடாது. அண்ணன்கள் இருவரும் இறந்துபோனதால் வந்தது. 1838-ல் அப்பா காலமானதும் பத்தாவது ஏர்ல் ஆனார்.

அம்மா கிறிஸ்டியன் ப்ரௌன், கோல்ஸ்டன் என்ற பழைய எஸ்டேட்டின் ஒரே வாரிசு. ஆம், பெண் வாரிசு. மகன் பெயரில் ராம்சேக்கு முன்னால் 'ப்ரௌன்' ஒட்டிக்கொண்டிருப்பது அம்மா வழிச் சொத்தின் அடையாளம். இந்த கோல்ஸ்டன் வீட்டுக்கு ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யெஸ்டர் என்ற ஊரில் ஹ்யூகோ கிஃபோர்ட் என்றொரு மந்திரவாதிப் பிரபு இருந்தாராம். மகளை ப்ரௌன் வீட்டில் கட்டிக்கொடுத்தபோது சீராக ஒரு பேரிக்காயைக் கொடுத்து, "இதைப் பத்திரமாக வைத்திருக்கும்வரை உங்க குடும்பத்துக்குக் குறைவு வராது" என்றாராம். அந்தப் பேரிக்காயை வெள்ளிப் பேழையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டே வருகிறார்கள். நம்ம ஊரில் பரம்பரைப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பார்களே, அதே சங்கதி. கதையை நம்பவேண்டாம். அதில் சொத்தின் அதிர்ஷ்டம் யார் கையில் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மகள் கையில்.

1836-ல் ஜேம்ஸுக்குக் கல்யாணம். பெண் சூசன் ஹே, ட்வீட்டேல் மார்க்விஸின் மூத்த மகள். ட்வீட்டேல் குடும்பத்தின் ஊர் எது தெரியுமா? அதே யெஸ்டர். இங்கே நம்ம பக்கத்துச் செய்தி ஒன்றும் இருக்கிறது. இந்த மாமனார்தான் 1842 முதல் சென்னை மாகாண கவர்னர். மருமகன் 1848 ஜனவரியில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றபோது மாமனார் சென்னையில்தான் இருந்தார். மருமகனுக்கு வயது 35. அந்தப் பதவிக்கு அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் வந்ததில்லை.

பஞ்சாபைப் பிடித்ததற்குப் பரிசாக 1849-ல் அவருக்கு மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. ஏர்லுக்கு ஒரு படி மேலே. ஆக இரண்டு பட்டங்கள்: 1633 முதல் குடும்பத்தில் இருக்கும் ஏர்ல் பட்டம், அரசாங்கம் அவருக்கென்றே புதிதாகக் கொடுத்த மார்க்விஸ் பட்டம். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வீட்டுக்குள் அவருக்கு நல்ல காலம் இல்லை. மனைவிக்கு இந்தியா ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு தேறட்டும் என்று 1853-ல் ஊருக்குக் கப்பலேற்றினார். இங்கிலாந்தை எட்டுமுன் மே 6 அன்று கடலிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு டல்ஹௌசி பழைய ஆளாக இல்லை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கால் எலும்பிலும் கோளாறு. மூத்த மகள் சூசன் (அம்மா பெயரேதான்) பதினேழு வயதுப் பெண்ணாக அப்பாவுக்குத் துணையாக இந்தியா வந்தாள். 1855-ல் பல மாதங்கள் அவர் உடம்புக்காக நீலகிரியில், ஊட்டியிலும் கோத்தகிரியிலுமாக இருந்தார். இந்தியாவை ஆண்ட மனிதர், நோயாளி, மனைவியை இழந்தவர், மகளை நம்பி வாழ்பவர்.

அந்த வருடம் அக்டோபர் 29-ல் தஞ்சாவூரில் சிவாஜி ராஜா இறந்தார்.

சிவாஜி, சரபோஜியின் மகன். சரபோஜி 1799-ல் போட்ட ஒப்பந்தப்படி நாட்டு நிர்வாகம் முழுக்க கம்பெனிக்குப் போய்விட்டது. காவிரிப் பாசன நெல்வயலின் வரி அன்றிலிருந்தே கம்பெனி கஜானாவில். ராஜாவுக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, வருடத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக 1855-ல் கம்பெனி பிடுங்குவதற்கு நாடு என்று ஒன்று பாக்கியில்லை. இருந்தது ஒரு வீடு, ஒரு பெயர், கொஞ்சம் மொகாசா கிராமங்கள், நகைநட்டு, நூலகம், அவற்றை நம்பிப் பிழைத்த ஒரு பெரிய கூட்டம். சிவாஜிக்கு ஆண் பிள்ளை வேண்டும் என்ற தவிப்பு கடைசிவரை இருந்தது. ஒரே நேரத்தில் பதினேழு பெண்களை மணந்தார் என்று தஞ்சை மராட்டியர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்களின் பக்கத்துக் கதையை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த ஃபோர்ப்ஸ், மகளின் உரிமையை ஏற்று அரச பெயரைத் தொடரவிடலாம் என்ற பக்கமே பேசினார். பெண் ஆள்வது தஞ்சைக்குப் புதிதும் இல்லை. 1737-38-ல் கணவர் இரண்டாம் ஏகோஜி இறந்த பிறகு சுஜான் பாயி இதே சிம்மாசனத்தில் இருந்திருக்கிறார். அட, 1855-ல் லண்டனில் ஆண்டுகொண்டிருந்ததே விக்டோரியாதானே! கம்பெனி காதில் வாங்கவில்லை. தஞ்சை விவகாரத்தில் இறுதி முடிவு லண்டனில் டைரக்டர்களிடமிருந்து 1856-ல் வந்தது. அதற்குள், அந்த மார்ச்சிலேயே, டல்ஹௌசி கல்கத்தாவை விட்டுக் கிளம்பிவிட்டார். கையெழுத்து அவருடையது இல்லை, நியாயப்படி அதைச் சொல்லிவிடணும். ஆனால் எட்டு வருடமாக அவர் பழக்கிவைத்த வாதம்தான் அது: நேர் ஆண் வாரிசு இல்லை, ஆகவே அரசு முடிந்தது.

1856 அக்டோபர் 18 அன்று படையோடு அரண்மனைக்குள் நுழைந்து எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தவர் யார்? அதே ஃபோர்ப்ஸ். அரச சொத்து, சொந்தச் சொத்து என்று பிரித்தெல்லாம் பார்க்கவில்லை. மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை. நாட்டை விட்டுவிடுங்கள், என் புருஷனின் சொந்தச் சொத்து எப்படி உங்களுடையதாகும் என்று சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஜெயித்தும் விட்டார். கம்பெனி பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859-ல் அங்கே தீர்ப்பு மாறியது. இது ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் எடுத்த நடவடிக்கை, சரியோ தப்போ, நீதிமன்றம் அதற்குள் நுழைய முடியாது என்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றம்கூட இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியிருக்கிறது. வக்கீல்களுக்கு காமாட்சி பாயி பெயர் தெரியும். தஞ்சாவூரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, ஸ்காட்லாந்துக்குத் திரும்புவோம். டல்ஹௌசி 1860 டிசம்பர் 19-ல், 48 வயதில், பிறந்த கோட்டையிலேயே இறந்தார். ஆண் பிள்ளை இல்லை. என்ன ஆனது?

மார்க்விஸ் பட்டம் அன்றோடு முடிந்தது. ஏர்ல் பட்டம் முடியவில்லை. அது சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மால், பான்ம்யூர் பிரபுவுக்குப் போனது. கிரைமியப் போர்க் காலத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்தவர். 1874-ல் அவரும் பிள்ளை இல்லாமல் இறந்தார். அப்போதும் முடியவில்லை, இன்னொரு பங்காளிக்குப் போனது. இன்றைக்கும் ஏர்ல் ஆஃப் டல்ஹௌசி என்று ஒருவர் இருக்கிறார். அம்மா வழிச் சொத்தான கோல்ஸ்டன்? அது மூத்த மகள் சூசனுக்கு வந்தது, பேரிக்காய் உட்பட.

இங்கே கம்பெனி தரப்பில் ஒரு எதிர்வாதம் சொல்லலாம், அது லேசுப்பட்டதும் இல்லை. தஞ்சை ராஜா பதவி 1799 ஒப்பந்தத்தால் நாங்கள் கொடுத்தது, அதனால் அது மார்க்விஸ் பட்டம் மாதிரி. நேர் ஆண் வாரிசு இல்லையென்றால் முடிந்தது. டல்ஹௌசியின் மார்க்விஸ் பட்டத்துக்கும் அதேதானே நடந்தது? உண்மைதான். ஆனால் ஏகோஜி தஞ்சையைப் பிடித்தது 1670-களில். கம்பெனி ஒரு கடைக்காரனாக அனுமதி கேட்டு நின்ற காலம் அது. 1799 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஏற்கெனவே ராஜா. என் கணக்கில் தஞ்சை, 1633-ம் வருடத்து ஏர்ல் பட்டத்தின் ஜாதி. அதற்கு ஸ்காட்லாந்தில் பங்காளிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்று. 1787-ல் துளஜா இறந்தபோது சுவீகாரப் பிள்ளை சரபோஜி செல்லாது என்று அமர்சிங்கை உட்காரவைத்ததும் கம்பெனிதான். அதைச் செய்த சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் காம்பெல்லும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1798-ல் திரும்பவும் சாஸ்திரிகளைக் கேட்டு, சுவீகாரம் செல்லும் என்று சரபோஜியை உட்காரவைத்ததும் அதே கம்பெனி. ஆக வாரிசுச் சட்டம் என்பது அன்றன்றைக்கு எது சௌகரியமோ அது. 1857 கலவரத்துக்குப் பிறகு கானிங் பிரபு சமஸ்தானங்களுக்கெல்லாம் சுவீகார உரிமை எழுதிக்கொடுத்தார். சிவாஜி ஒரு ஐந்தாறு வருடம் கூடுதலாக இருந்திருந்தால் கதை வேறு.

1862-ல் அரசாங்கம் கொஞ்சம் இறங்கிவந்து சொந்தச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. பிழைத்திருந்த மகள் முக்தாம்பா பாயிக்குத் தஞ்சை இளவரசி என்ற மரியாதை கிடைத்தது. ஆட்சி கிடையாது. திருப்பிக் கொடுத்த சொத்துக்காக ராணிகளுக்குள்ளேயே வழக்கு நடந்தது தனிக்கதை.

டல்ஹௌசியின் மகள்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதியில் நிற்கும். இளையவள் ஈடித், சர் ஜேம்ஸ் ஃபெர்குசனை மணந்தாள். கணவர் தெற்கு ஆஸ்திரேலியாவில் கவர்னராக இருந்தபோது 1871-ல் அடிலெய்டில் இறந்தாள். ஊட்டியில் அப்பாவோடு இருந்த சூசன், ராபர்ட் போர்க் என்பவரை மணந்தாள். அந்த போர்க் 1886-ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார். கன்னிமரா நூலகம் என்று சொல்கிறோமே, அந்த கன்னிமரா பிரபு இவர்தான். தாத்தா கவர்னராக இருந்த மாளிகைக்கு, அப்பாவின் காலத்தில் ராஜா இல்லாமல் ஆன தஞ்சாவூரையும் சேர்த்து ஆளும் கவர்னரின் மனைவியாக, நடுத்தர வயதில் சூசன் வந்து இறங்கினாள்.

நிம்மதி இல்லை. கணவரின் நடத்தையால் மாளிகையை விட்டு வெளியேறி ஹோட்டலில் போய்த் தங்கினாள், அந்த ஹோட்டலுக்குத்தான் பிறகு கன்னிமரா என்று பெயர் வந்தது என்று சென்னையில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1890-ல் அவள் விவாகரத்து வாங்கியது கோர்ட் விவகாரம். நூலகத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே வருடம் கன்னிமரா பதவியைவிட்டுப் போனார். 1902-ல் அவர் இறந்தபோது, பிள்ளை இல்லாததால், அந்தப் பட்டமும் முடிந்தது.

சூசன் மறுமணம் செய்துகொண்டாள். இரண்டாவது கணவர் மனைவி வீட்டுப் பெயரான ப்ரௌன் என்பதைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். 1898-ல் அவள் குழந்தை இல்லாமல் இறந்த பிறகு கோல்ஸ்டன் எங்கே போனது? தங்கை ஈடித்தின் மகளிடம். அங்கேயும் பெண் வழிதான். தன் காகிதங்களை 50 வருடம் வெளியிடக்கூடாது என்று டல்ஹௌசி எழுதிவைத்திருந்தார். கெடு முடிந்து 1910-ல் அவருடைய அந்தரங்கக் கடிதங்களைப் பதிப்பித்தவர் ஜே.ஜி.ஏ. பெயர்ட், அந்தப் பேத்தியின் கணவர்.