கோலார் தங்கவயல்: ஒரே தொழிலை நம்பிய ஊர்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருவுக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கே பொன் கிடைப்பதை உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். ஆழமில்லாத குழிகளைத் தோண்டி, மண்ணை அரித்துப் பொன் எடுத்தார்கள். 1802-இல் நில அளவைக்கு வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் அதைக் கண்டு அறிக்கை எழுதினார். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். பெருமுதல் இல்லாததால் அந்த உரிமை பிறர் கைக்குப் போனது.

1880 முதல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை நிர்வகித்தது. தொடக்கத்தில் நஷ்டமே கண்டது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற வளமான தங்கப் படிவம் அகப்பட்டதும் நிலைமை மாறியது. 1894-இல் பங்காரப்பேட்டையிலிருந்து தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. நீளக் கம்பிவழியாக மின்சாரம் வந்தது. குடிநீர் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கிடைத்தது. லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போக, மைசூர் அரசுக்கு ராயல்டி கிடைத்தது.

பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் தலித் மக்களே மிகுதி. ஒப்பந்தக்காரர்கள் ஆள் திரட்டினார்கள். வெள்ளை அதிகாரிகள் பங்களாக்களில் வாழ, தொழிலாளர்கள் 'லைன்' எனப்படும் நெருக்கமான தட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். ஆழத்தில் வெப்பம் தாங்க முடியாதது; பாறை வெடிப்பில் உயிர்கள் போயின, தூசியால் நுரையீரல் கெட்டது. ஆனாலும் சொந்த ஊரில் கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் புதிய வாழ்வைத் தந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. சாம்பியன் ரீஃப் பகுதியில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. 1930-இல் தங்களைக் கைரேகை வைத்துப் பதிவுசெய்வதை எதிர்த்துத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தங்கப் படிவத்தைத் தொடர்ந்து தோண்டியதில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. அக்காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆழம் அறிவியலுக்கும் பயன்பட்டது: 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் முதலில் பதிவான இடங்களில் கோலாரும் ஒன்று. ஆனால் கணக்கேட்டில் ஆழம் செலவாகவே ஏறியது. குளிரூட்டவும் நீரிறைக்கவும் பாறையை மேலேற்றவும் செலவு கூடக்கூட, ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் குறைந்துகொண்டே வந்தது.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. நஷ்டம் நிற்கவில்லை, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன்.

1964-இல் தொடங்கிய, கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலை சிலருக்கு வேலை தந்தாலும், சுரங்கத்தின் இடத்தை நிரப்பும் அளவுக்கு வேறு தொழில் வளரவில்லை. ஆகவே தங்கவயல்வாசிகள் பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் குன்றுகளாக நிற்கிறது. கோடைக் காற்றில் அதன் தூசு வீடுகளுக்குள் படிகிறது. அதில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டங்கள் பேசப்பட்டு வருகின்றன.