பூச்சிக்குப் பேர் வைத்து என்ன லாபம்?



போன வாரம் தேங்காய்த்திட்டு வீட்டுக்கு வந்த பழைய மாணவன் ஒருவன், பாயசம் குடித்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், பூச்சிக்கெல்லாம் பேர் வெச்சு எழுதி வெக்கிறாங்களே, யாருக்கு என்ன லாபம்?" அவன் டம்ளரில் கிடந்த ஜவ்வரிசியைக் காட்டி, "உனக்குத்தான்" என்றேன்.

ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சேலம், நாமக்கல் பக்கம் பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. 2020-ல் கேரளாவில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி அங்கேயும் பரவியது. குருத்து சுருண்டு, செடி வளராமல் நின்றுபோனது.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைக் கலங்கடித்தது. 1977-ல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் மத்தில்-ஃபெரேரோ அம்மையார் அதற்கு ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போனார்கள். பார்க்க அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தின்னும் குளவிகள் ஆப்பிரிக்காவில் பலிக்கவில்லை. ஆராய்ந்தால், அது வேறு இனம்! அதில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டுமே. வகுப்பில் இரண்டு சுமதி இருந்தால் இனிஷியலோடு கூப்பிடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதைதான்.

கடைசியில் பராகுவேயில் சரியான பூச்சி அகப்பட்டது. கூடவே அனகைரஸ் லோபெசி என்ற குளவியும். 2 மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். வெறும் கூடுதான் மிஞ்சும். 1981-ல் நைஜீரியாவில் விடப்பட்டு, 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை விட்டார்கள்.

இதில் என்னை நெகிழவைத்தது ஒன்று. அந்தக் குளவிக்கு 1964-லேயே அர்ஜென்டினாவின் லூயிஸ் தெ சான்டிஸ் பெயரிட்டு, அடையாளம் எழுதி வைத்துவிட்டார். அன்று அது யாருக்கும் தேவைப்படவில்லை. 58 வருஷம் கழித்துச் சேலத்து விவசாயிக்கு உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

உங்கள் பிள்ளைகள் ஒரு பூச்சியைப் பிடித்து வந்து காட்டினால், "ச்சீ" என்று தட்டிவிடாதீர்கள். தேதியும் இடமும் போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.