ராத்திரி வந்தது யாரு?

கடலைக்காடு விடியக்காலையில் கிளறிக் கிடந்தால் ஊருக்குள் எழும் முதல் கேள்வி இதுதான். முன்பெல்லாம் காலடித் தடமும் எச்சமும்தான் சாட்சி. இப்போ வேலியோரம் கட்டுற சின்னப் பெட்டி ஒண்ணு பதில் சொல்லுது. அந்தத் தானியங்கி கேமராவுக்கு நூறு வருஷத்துக்கும் மேலான கதை உண்டு.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஏரி ஒன்றில் தொடங்குது அது. ஜார்ஜ் ஷைராஸ் ஒரு வக்கீல், வேட்டைக்காரரும்கூட. அங்குள்ள ஒஜிப்வே பழங்குடிகள் படகின் முன்னால் தீ மூட்டி, வெளிச்சத்தில் திகைச்சு நிக்கிற மானை வேட்டையாடுவாங்க. ஷைராஸ் அதே உத்தியை வெச்சுக்கிட்டு, துப்பாக்கிக்குப் பதிலா கேமராவைப் பிடிச்சார். பிறகு விலங்கு நடக்கும் தடத்தில் கம்பி கட்டினார். இடறினால் மக்னீசியப் பொடி பளிச்சென்று எரியும், படம் விழும். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

நம்ம நாட்டில் 1920களில் இதைச் செய்தவர் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன். துரைமார்கள் புலியைச் சுட்டு, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கிட்ட காலம் அது. இவரோ புலியே தன்னைப் படமெடுக்கும்படி வைத்தார். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இல்லை என்பதை அந்தப் படங்களில் கவனித்தார். அதை அடிப்படையாக்கி 1990களில் நாகரஹொளேயில் புலிகளை எண்ணிக் காட்டினார் உல்லாஸ் காரந்த். 2018 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள்.

இன்றைய பெட்டியில் கம்பி கிடையாது. உடல் சூடு நகர்வதை உணர்ந்து, அகச்சிவப்பு வெளிச்சத்தில் தானே படமெடுக்கும்.

விவசாயிக்கு இதால என்ன லாபம்? வந்தது யாருன்னு தெரியாதவரை கோபம் எல்லா உயிர் மேலயும் பாயும். களவாடினது முள்ளம்பன்றியா இருக்கும். பழி எலி பிடிக்க வந்த நரி மேல விழும். ஆத்திரத்தில் கரன்ட் கம்பி இழுத்தா காட்டுப்பன்றி மட்டுமா சாகும்? யானை சாகும், ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுஷனும் சாவான். ஆளு தெரிஞ்சா அதுக்கேத்த காவல் போடலாம். பன்றின்னா ராத்திரி முழிக்கணும், மயில்னா பகல்ல விரட்டணும்.

நாலு தோட்டக்காரங்க சேர்ந்து ஒண்ணு வாங்கினாலே போதும். ஆனா ஆள் நடக்கிற பாதையைப் பார்த்து வைக்காதீங்க. விடியலில் பெண்கள் ஒதுங்கப் போகும் வழியும் அதுவாக இருக்கலாம்.