எண்ணும் உரிமையும்

களனி ஆற்று நீரைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கும் பொல்பிட்டிய நிலையம், 1969ஆம் ஆண்டில் 75 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் அமையும் இயந்திரங்கள் மீது, அவற்றைச் செய்தோர் ஓர் எண்ணைப் பொறித்துவைப்பது தொழிலுலக வழக்கம். பழுது பார்ப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் உதவும் வெறும் அடையாளம் அது. ஆனால் அதே வகை எண், சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவிக்குள் புகுந்தபோது, பூட்டாகவும் மாறியது. அம்மாற்றத்தின் வரலாறு மலையகத்தார் முன்னரே அறிந்த ஒன்றை நினைவூட்டுவதாகும்.

'பைலட்' என்னும் கையடக்கக் கணினி 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு மென்பொருள் எழுதியோருட் பலர், இணையத்தின் வழியே தம் ஆக்கங்களைத் தாமே விற்ற தனியாட்கள். நெல்லை அளந்து கொடுத்தால் கொடுத்தவர் குதிர் குறையும். மென்பொருளைப் படியெடுத்துக் கொடுத்தாலோ எதுவும் குறைவதில்லை. ஒருவர் விலை கொடுத்து வாங்கியதை ஊரார் யாவரும் படியெடுத்துக்கொண்டால், எழுதியவரின் உழைப்புக்கு ஊதியம் எங்ஙனம் கிட்டும்?

முதலில், கருவியில் பதிந்துள்ள உரியவரின் பெயரையே திறவுகோலாக்கினர். ஆனால் பெயரை எவரும் மாற்றியெழுதலாம். எனவே கருவியின் எண்ணை நாடினர். 1998இல் வந்த 'பாம் III' கருவியின் நினைவகத்தில், மென்பொருள் படித்தறியக்கூடிய தொடர் எண் ஒன்று இருந்தது. கைபேசிகளிலோ 15 இலக்கங்கொண்ட அடையாள எண் உண்டு. அதன் கடைசி இலக்கம், ஏனையவை பிழையின்றி உள்ளனவா என்று சரிபார்ப்பதற்காக அமைந்தது.

பூட்டு இயங்கும் முறை எளியது. வாங்குபவர் தம் கருவியின் எண்ணை விற்பவருக்கு அனுப்புவார். விற்பவர் அதனை ஓர் இரகசியக் கணக்குக்கு உட்படுத்தி, விடையை விடுவிப்புக் குறியாகத் தருவார். மென்பொருள் திறக்கும்போது அக்கணக்கைத் தானே மீண்டும் செய்து பார்க்கும். இரண்டும் ஒத்தால் திறக்கும், ஒவ்வாவிடில் மறுக்கும்.

ஆயினும் கருவி உடைந்தால் என் செய்வது? புதிய கருவிக்குப் புதிய எண். பணம் செலுத்திய நேர்மையாளரே மீண்டும் குறி வேண்டி விற்பவரிடம் நிற்கவேண்டும்; விற்பவர் தொழிலைக் கைவிட்டிருந்தால் வாங்கியதும் போயிற்று. வன்மையுடைய திருடனோ, மென்பொருளில் ஒப்பிடும் பகுதியையே அகற்றிவிட்டு எளிதாய் நுழைந்தான். எண்ணும் முற்றிலும் நம்பத்தக்கதாக இல்லை. முறையான அடையாள எண் இல்லாத கைபேசிகள் மிகப் பெருகியமையால், 2009 நவம்பர் இறுதியுடன் அவற்றின் இணைப்பைத் துண்டிக்க இந்திய அரசு ஆணையிட நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்க்கு எண் பொறித்த தகர வில்லை வழங்கப்பட்டது. 'டின் டிக்கட்' எனப்பட்ட அவ்வில்லை, அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதையே காட்டியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டம் செல்லவோ, 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. மனிதரைப் பிணித்த தளையும் மென்பொருளின் பூட்டும் ஒன்றாகா. முன்னதன் துயரம் அளவிடற்கரியது. எனினும் இரண்டிலும் ஒரு நியதி உண்டு: உரிமை எண்ணோடு கட்டப்படும்போது, இடம் மாற விரும்புபவர் விடுவிப்பவரின் தயவை நாடவேண்டியவராகிறார்.

எண்ணுக்கு மற்றொரு பயனும் காணப்பட்டது. பல மென்பொருள்கள் ஒரே எண்ணைப் படிக்குமாயின், ஒருவர் எங்கெங்கே என்னென்ன செய்தார் என்பதைத் தொகுத்துவிடலாம். 1999இல் இன்டெல் நிறுவனம் தன் 'பென்டியம் III' கணிப்பொறிச் சில்லில் எண் பொறித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்வந்த சில்லுகளில் அது கைவிடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம், தன் கருவிகளின் 40 எழுத்து அடையாளத்தைப் படிக்கும் செயலிகளை 2013 மே முதல் ஏற்க மறுத்தது. 2019இல் வெளிவந்த 'ஆண்ட்ராய்டு 10', சாதாரணச் செயலிகள் கைபேசியின் 15 இலக்க எண்ணை அறியாதவாறு தடுத்தது.

இன்று செயலி வாங்கும் உரிமை பெரும்பாலும் வாங்கியவரின் கணக்கோடு இணைந்துள்ளது. கைபேசி தொலைந்தாலும் வேறொன்றில் அதனை மீண்டும் பெறலாம். அக்கணக்கும் ஒரு நிறுவனத்தின் கையிலேயே இருப்பதால், குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் ஓர் உண்மை நிலைபெற்றது: எண் பொருளை இனங்காணப் பயன்படலாம், உரிமை மனிதருக்கே உரியது. எழுதியவரின் ஊதியத்தைக் காக்கும் எந்தப் பூட்டும், விலை கொடுத்தவரை வாசலில் நிறுத்தாதிருத்தல் வேண்டும்.