இரு பெட்டிகளில் கிரிக்கெட்

2007-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. அந்தக் கோடையில், பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியின் தெரு ஒன்றில் மாலை வேளையில் நடந்து சென்றால், இரண்டு வீடுகளிலிருந்து ஒரே விதமான ஆரவாரம் நம் செவியில் விழும். ஒரு வீட்டில் இருந்தது கணிப்பொறி. மற்றொரு வீட்டில் இருந்தது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டி. வியாபாரிகள் அதனைக் கன்ஸோல் என்றனர், தெருப் பிள்ளைகளோ டி.வி. கேம் என்றே அழைத்தனர். இரண்டிலும் நடந்தது ஓர் ஆட்டமே. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் 2006 நவம்பரில் இருவகைப் பெட்டிகளுக்கும் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' என்பது அதன் பெயர். தோற்ற இந்தியா அவ்விரு வீடுகளிலும் நாள்தோறும் கோப்பையை வென்றுகொண்டிருந்தது!

இத்தகைய ஆட்டங்கள் முதலில் கணிப்பொறியில்தான் பிறந்தன. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைக் காண வந்த பொதுமக்கள் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, வில்லியம் ஹிகின்பாதம் என்னும் விஞ்ஞானி ஒரு கணிப்பொறியைக் கொண்டு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். ஐந்து அங்குலத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டித் தாண்டிச் சென்றது. மக்கள் வரிசையில் நின்று ஆடினர். அது பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது. 1972-இல் ரால்ஃப் பேர் என்பாரின் முயற்சியால் 'ஒடிஸி' என்னும் பெட்டி விற்பனைக்கு வந்தபோதுதான், டென்னிஸ் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் புகுந்தது. மேலைநாடுகளில் இத்தகைய ஆட்டங்களுக்கு உரிய இடமாகக் கூடத்துத் தொலைக்காட்சி வளர்ந்ததற்கு இதுவே தொடக்கம் எனலாம்.

நம் நாட்டிலோ கதை வேறு விதமாகத் திரும்பியது. 1990-களில் இங்கு மலிவாகக் கிடைத்த பெட்டிகள், ஜப்பானில் 1983-இல் வெளிவந்த நின்டெண்டோ பெட்டியின் நகல்களே. அவற்றில் பேஸ்பால் இருந்தது, டென்னிஸ் இருந்தது. நம் பிள்ளைகள் தேடிய கிரிக்கெட்டைத்தான் காணோம். மட்டையைக் கண்டு மகிழ்ந்து பேஸ்பாலை ஆடிவிட்டு, ரன் எங்கே என்று கேட்ட சிறுவரை நாம் அறிவோம். 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தார் ஸேகா கம்பெனியின் மெகா டிரைவ் பெட்டியை இங்கு விற்க முன்வந்தனர். விலை 18,000 ரூபாய்! பிரையன் லாராவின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் ஆட்டம் அதே ஆண்டில் அதே பெட்டிக்கு இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆனால் அவ்விலை கொடுத்துப் பொழுதுபோக்கு வாங்கும் குடும்பங்கள் நம் தெருவில் இல்லை.

அரசாங்க அறிவிக்கைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாக அமைந்த நமக்கு, இவ்விடத்தில் சுங்க வரி அட்டவணை நினைவிற்கு வருகின்றது. சுவையற்ற நூல்தான்; எனினும் வீட்டுக்குள் எது வரும், எது வராது என்பதை அது சொல்லும். அதன் 84-ஆம் அத்தியாயம் யந்திரங்களைப் பற்றியது. கணிப்பொறி அங்கே இடம்பெறுகின்றது. 95-ஆம் அத்தியாயம் பொம்மைகளுக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் உரியது. கன்ஸோல் அங்கே சீட்டுக்கட்டின் அருகே உட்கார்ந்திருக்கின்றது. உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுகள் ஏறக்குறைய ஓரினமே. பிறந்த அத்தியாயம்தான் வேறு. 1997-இல் இந்தியா உலக வர்த்தக ஸ்தாபனத்தின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கணிப்பொறி மீதான இறக்குமதி வரி படிப்படியாக நீங்கிற்று. பொம்மைக்கு அச்சலுகை இல்லை. அண்மைக்காலத்திலும் இவ்வேற்றுமை தொடர்ந்தது: 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கன்ஸோலுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அது 18 ஆகக் குறைந்தது.

வரியைவிட வலியது மற்றொன்று. கணிப்பொறி 'படிப்புக்காக' வந்தது. எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டிக்குத் தந்தையார் கடன் வாங்கினாலும் ஊரார் மெச்சுவர். டி.வி. கேமுக்கு அந்த மதிப்பு ஏது? 2006 செப்டம்பரில் மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தார் யுவராஜ் சிங்கை விளம்பரத்தில் நிறுத்தி எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இங்கு கொணர்ந்தனர். விலை 20,000 ரூபாயை ஒட்டியிருந்தது. பெங்களூரில் 1997-இல் தோன்றிய துருவா என்னும் நிறுவனத்தின் ஓவியர்கள், பிற்காலத்தில் அந்தப் பெட்டிகளின் 'ஃபோர்ஸா' பந்தய ஆட்டங்களுக்குக் கார்களை வரைந்து கொடுத்தனர். அக்கார்கள் நம் தெருவில் ஓடியதை நாம் அதிகம் கண்டதில்லை.

நிற்க. ஆடுவதற்கு எது உகந்தது என்று கேட்டால், கன்ஸோலே என்று நாம் தயங்காது சொல்வோம். இரு கைகளில் அடங்கும் ஜாய்ஸ்டிக்கும், இருவர் தோளோடு தோள் உரசி அமரும் பாயும் தரும் இன்பம், ஒரே விசைப்பலகையில் நால்வர் விரல்கள் முட்டிக்கொள்ளும்போது கிட்டாது. ஆனால் நீடித்து வாழ்ந்தது கணிப்பொறி ஆட்டமே.

'கிரிக்கெட் 07'-இல் உரிமம் பெறாத காரணத்தால் இந்திய ஆட்டக்காரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. 2008 ஏப்ரல் 18 அன்று நம் சின்னசுவாமி மைதானத்தில் ஐ.பி.எல். தொடங்கி, பிரெண்டன் மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158 ரன் குவித்தார். அந்த ஐ.பி.எல். இவ்வாட்டத்தில் எப்படி இருக்கும்? எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தாரோ அதன் பின்னர் வேறு கிரிக்கெட் ஆட்டம் வெளியிடவே இல்லை. எனினும் கணிப்பொறியின் கோப்புகள் திறந்து கிடந்தமையால், ரசிகர்களே பெயர்களைத் திருத்தினர். புதிய அணிகளின் உடை, மட்டை, மைதானம் யாவற்றையும் வரைந்து உள்ளே சேர்த்தனர். கூலி ஏதும் பெறாமல் ஒருவருக்கொருவர் வழங்கினர். ஆண்டுதோறும் அவ்வாட்டம் புது உடை பூண்டது. கன்ஸோல் வட்டிலோ அச்சிட்டது அச்சிட்டபடியே இருந்தது. அதில் காலம் 2006-லேயே நின்றுபோயிற்று. 2010-இல் தெருக் கிரிக்கெட்டை மையமாக வைத்து இந்தியாவிலேயே செய்த ஆட்டம் ஒன்று பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது; அப்பெட்டியின் உற்பத்தியே 2013-இல் நின்றது.

இப்போது கிரிக்கெட் கைபேசிக்கு மாறிவிட்டது. சென்னை நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தாரின் ஆட்டத்தை ரயிலில் எதிரே அமர்ந்தவர் ஆடக் காண்கின்றோம். அது தனி வரலாறு.

நம் தெருவில் நிகழ்ந்ததைச் சொல்லி முடிப்போம். ஐ.பி.எல். தொடங்கிய அடுத்த மாதமோ என்னவோ, டி.வி. கேம் வீட்டுப் பையன் தன் ஜாய்ஸ்டிக்குகள் இரண்டையும், அவற்றைக் கணிப்பொறியில் செருகுவதற்கு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சிறு இணைப்பானையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினான். அன்று மாலை ஆரவாரம் ஒரே வீட்டிலிருந்து கேட்டது.