இந்தூர்க் குப்பை

1905-ஆம் வருஷம் பம்பாயில் ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆல்பர்ட் ஹோவர்ட், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர்ச் சீமையைச் சேர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. பெண் காப்ரியேல் மத்தாய். வெயிலும் உஷ்ணமும் கூடினால், குறைந்தால், இலைகள் உணவு சமைக்கும் வேலை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் பிளாக்மன் என்ற தாவர சாஸ்திரியோடு ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். பெண்களுக்கு அந்தச் சர்வகலாசாலை பட்டம் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. தாலியும் மேளமும் இல்லாத அந்தக் கல்யாணத்துக்கும் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் எருக்குழிக்கும் சம்பந்தம் உண்டு என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். சம்பந்தம் உண்டு.

தம்பதிகள் பீகாரில் உள்ள பூஸாவுக்குப் போனார்கள். கர்ஸன் பிரபு காலத்தில், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு அங்கே ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. (1934-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் அந்தக் கட்டிடம் இடிந்து, நிலையம் டில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊரை விட்டு வந்தாலும் பெயரை விடவில்லை. டில்லியிலும் அந்த இடம் பூஸாதான்.) ஹோவர்டுக்கு அங்கே பொருளாதாரத் தாவர சாஸ்திரி என்ற உத்தியோகம். மனைவிக்கோ முதலில் உத்தியோகமே இல்லை, வேலை மட்டும் இருந்தது. 1910-இல் கணவருக்கு அந்தரங்க உதவியாளர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். 1913-இல்தான் இரண்டாவது தாவர சாஸ்திரி ஆனார். 'பூஸா 4', 'பூஸா 12' என்று வட இந்தியாவில் பேர் போன கோதுமை ரகங்கள் இருவர் உழைப்பிலும் பிறந்தவை.

பூஸாவில் பூச்சிக்கு ஒரு நிபுணர், காளானுக்கு ஒரு நிபுணர், மண்ணின் ரசாயனத்துக்கு ஒரு நிபுணர் என்று தனித்தனி அறைகள். பயிர் ஒன்று, அறைகள் பல! ஹோவர்டுக்கு இது பிடிக்கவில்லை. எழுபத்தைந்து ஏக்கர் நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார். மருந்து தெளிக்காமலே அவர்கள் பயிர் பெரும்பாலும் நோயின்றி நிற்பதைக் கண்டார். அந்தக் குடியானவர்களையும், பயிரைத் தின்ன வரும் பூச்சிகளையும் தமக்கு ஆசிரியர்களாக வரித்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். துரைமார் உலகத்தில் இது சாதாரணமான வாக்குமூலம் அல்ல. ஆனால் முதல் வாக்குமூலமும் அல்ல. 1889-இல் இந்திய விவசாயத்தைச் 'சீர்திருத்த' வழி சொல்ல வந்த டாக்டர் வோல்க்கர், 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவனுக்குக் கற்றுக்கொடுப்பது எளிதல்ல, பல விஷயங்களில் அவனே கெட்டிக்காரன் என்ற பொருள்பட எழுதிவிட்டுப் போனார்.

அந்த வோல்க்கரே ஒரு துக்கத்தையும் குறித்து வைத்தார். நிலத்துக்குப் போக வேண்டிய சாணம் அடுப்புக்குப் போகிறது. விறகு இல்லாத ஊரில் வறட்டி தட்டாமல் என்ன செய்வாள் ஒரு குடும்ப ஸ்திரீ? மண்ணைப் பட்டினி போட்டால்தான் அன்று பானை கொதிக்கும். ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்பதும் உண்மை. நம் பக்கத்தில் அறுவடையான வயலில் ஆட்டுக் கிடை மறிப்பார்கள். நடவுக்கு முன் கொழிஞ்சி, ஆவாரை, எருக்கந்தழை வெட்டிப் போட்டுச் சேற்றில் மிதிப்பார்கள். இருந்தாலும் சாணம் எல்லா ஊரிலும் பற்றாக்குறைதான்.

ஐரோப்பாவில் அப்போது காற்று வேறு திசையில் வீசிக்கொண்டிருந்தது. 1840-இல் ஜெர்மன் ரசாயன மேதை லீபிக், பயிருக்கு வேண்டியவை மண்ணிலுள்ள சில தாதுப் பொருள்கள், அவற்றைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்லி வைத்தார். 1913-இல் ஓப்பாவ் என்ற ஊரில் காற்றிலிருந்தே அம்மோனியாவை எடுக்கும் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. மூட்டையில் உரம் வந்துவிட்ட பிறகு மாட்டுத் தொழுவத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஹோவர்ட் தம்பதிகள் திரும்பிப் பார்த்தார்கள். 1924-இல் ஹோல்கார் சமஸ்தானம் இந்தூரில் 300 ஏக்கர் கரிசல் நிலம் கொடுக்க, பருத்திக் கமிட்டியும் மத்திய இந்திய சமஸ்தானங்களும் பணம் கொடுக்க, அறைகள் இல்லாத ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தங்கள் இஷ்டப்படி அமைத்துக்கொண்டார்கள். யஷ்வந்த் வாட் என்ற ரசாயன நிபுணர் கூடச் சேர்ந்தார். சீனத்து விவசாயி தலைமுறை தலைமுறையாகக் குப்பையை மக்க வைத்து வயலுக்குப் போட்டதைப் பற்றி அமெரிக்கரான கிங் 1911-இல் எழுதிய புத்தகம் அவர்களுக்கு வழிகாட்டி. சீனத்துப் பழக்கத்தை இந்தூர் மாட்டுத் தொழுவத்தோடு முடிச்சுப் போட்டதுதான் 'இந்தூர் முறை'.

முறை இதுதான். முப்பது அடி நீளம், பதினான்கு அடி அகலம், இரண்டு மூன்று அடி ஆழத்தில் ஒரு குழி. பருத்தி மார், கரும்புச் சோகை, களை, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் கலந்து போட வேண்டும். கட்டையானவற்றை வண்டிப் பாதையில் பரப்பி, சக்கரம் ஏறி நசுங்கிய பிறகு எடுப்பார்கள். அதன் மேல் கொஞ்சம் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவத்து மண், கைப்பிடி அடுப்புச் சாம்பல். பிறகு தண்ணீர் தெளித்து, அடுத்த அடுக்கு. சாணத்தை அடுப்புக்குக் கொடுத்தாலும் மூத்திரத்தை அடுப்பில் போட முடியாதல்லவா? தழைச்சத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது! கொஞ்சம் சாணத்தை உறை மோராக வைத்துக்கொண்டு மலை மலையான செத்தையை எருவாக்கிவிட்டார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சில நாளில் குழி சுடுகிறது. அறுபது டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத காளான்களும் நுண்ணுயிர்களும் விருந்து சாப்பிடும் சூடு அது. களை விதையும் ஈயின் புழுவும் அதில் வெந்துபோகும். விருந்தாளிகளுக்குக் காற்று வேண்டும் என்பதால் மூன்று தடவை கிளறிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் மிஞ்சிக் காற்று அடைபட்டால் நாற்றம் எடுக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் முகம் சுளித்தால் நம் குழி மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவசரப்பட்டுப் பச்சைச் செத்தையையே ரோஜாச் செடிக்குப் போட்டாலோ, அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குள்ள தழைச்சத்தையும் முதலில் தாங்களே தின்றுவிடும். இலை வெளுத்துப் போகும். மூன்று மாதம் பொறுத்தால் குழியில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு மக்கு கிடைக்கும். அது மணலில் ஈரத்தை நிறுத்தும், களிமண்ணை இளக்கும். மூட்டை உரம் இந்த இரண்டையும் செய்யாது.

1931-இல் ஹோவர்டும் வாட்டும் இதைப் புத்தகமாக எழுதினார்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷமே ஜினீவாவில் காப்ரியேல் காலமாகிவிட்டார். இருபத்தைந்து வருஷ உழைப்பு அச்சேறியபோது அவர் இல்லை. ஹோவர்ட் உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். 1934-இல் 'சர்' பட்டம் வந்தது. 1935-இல் காந்திஜி இந்தூர் நிலையத்துக்குப் போய் எருக்குழிகளைப் பார்த்தார். 1940-இல் ஹோவர்ட் எழுதிய பெரிய புத்தகத்தைப் படித்து அமெரிக்காவில் ரொடேல் 1942-இல் பத்திரிகையே ஆரம்பித்தார். இங்கிலாந்தில் ஈவ் பால்பர் சீமாட்டி 1943-இல் ஒரு நூல் எழுதினார். இயற்கை விவசாயம் என்று இப்போது கேட்கிற பேச்சில் பாதி அங்கிருந்து கிளம்பியதுதான்.

வயது ஏற ஏற ஹோவர்டின் குரலும் ஏறியது. கோமாரி கண்ட மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று தம் எருதுகளோடு மூக்கை உரசியும் நோய் தொற்றவில்லை, நல்ல மண்ணில் விளைந்த தீனிதான் காரணம் என்று எழுதினார். கதையாக நன்றாக இருக்கிறது; நிரூபணமாக நிற்காது. ராத்தாம்ஸ்டெட் என்ற ஊரில் 1843 முதல் ரசாயன உரமிட்டுக் கோதுமை விளைவித்து வரும் வயல் இன்னும் விளைந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. நோயை எல்லாம் மண்ணின் மேல் ஏற்றாமல் இருந்திருந்தால் அவருடைய நியாயமான பேச்சை நிபுணர்கள் இன்னும் சீக்கிரம் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்.

லண்டனை அடுத்த பிளாக்ஹீத்தில் அவர் வாங்கிய வீட்டில் தேய்ந்துபோன ஒரு பழைய தோட்டம் இருந்தது. ஆப்பிள் மரமெல்லாம் அசுவினி. மருந்து அடிக்காமல் வருஷா வருஷம் மக்கு போட்டு அதைத் தேற்றினார். 1947 அக்டோபரில் இறந்தார்.

காப்ரியேல் மறைந்த பின் அவர் மணந்துகொண்டது காப்ரியேலின் தங்கை லூயிஸை. லத்தீனும் கிரேக்கமும் படித்தவர். ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் விவசாயப் பிரிவைப் பார்த்தவர். 1953-இல் அந்த அம்மாள் ஒரு புத்தகம் எழுதினார். 'இந்தியாவில் சர் ஆல்பர்ட் ஹோவர்ட்' என்று அதற்குப் பெயர். அட்டையில் தமக்கை பெயர் இல்லை. உள்ளே கோதுமை, பழத்தோட்டம், மண் என்று எந்தப் பக்கத்தில் கணவரின் வேலையைச் சொன்னாலும், அருகிலேயே தமக்கையின் பங்கையும் சொல்லிக்கொண்டு போகிறார்.